வாசகர் கேள்வி–பதில்: வளரும் பிள்ளைகளின் முதுகுத்தண்டு வளைவும் பயிற்சிச் சிகிச்சையும்

சென்ற இதழில், ஸ்கோலியோசிஸ் எனப்படும் முதுகுத்தண்டின் பக்கவாட்டு வளைவைப் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பெற்றோர்களும் ஒரு மாணவியும் அனுப்பிய கடிதங்களில், பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு, இந்தப் பிள்ளைகளோடு நாள்தோறும் வேலை செய்யும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன்.

என் மகளுக்கு 12 வயது முடிந்து 13 நடக்கிறது. மூன்று மாதங்களுக்கு முன்புதான் பெரியவளானாள். தீபாவளிக்கு உடை தைக்க அளவெடுத்த தையல்காரம்மா, வலது தோள் சற்றுத் தூக்கலாக இருக்கிறது, இடுப்பு மடிப்பும் ஒரு பக்கம் மட்டும் ஆழமாக விழுகிறது என்று சொன்ன பிறகே கவனித்தோம். எக்ஸ்ரேயில் 22 டிகிரி வளைவு என்றார்கள். எலும்பு மருத்துவர் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். பயிற்சி செய்தால் நேராகிவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். ஆறு மாதம் சும்மா இருக்கலாமா? — ஒரு தாய், நாமக்கல்

சகோதரி, சும்மா இருக்க வேண்டாம். அதே சமயம், பயிற்சியால் முதுகு நேராகிவிடும் என்ற எதிர்பார்ப்போடும் தொடங்க வேண்டாம். பயிற்சியின் முதல் நோக்கம் வளைவு மேலும் கூடாமல் தடுப்பது. சில பிள்ளைகளுக்கு ஒரு சில டிகிரி குறைவதும் உண்டு.

உங்கள் கையிலுள்ள 22 என்ற எண் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மிக அதிகமாகச் சாய்ந்திருக்கும் இரண்டு முள்ளெலும்புகளை ஒட்டிக் கோடு வரைந்து, அந்தக் கோடுகளுக்கு இடைப்பட்ட கோணத்தை அளக்கிறார்கள். ஜான் ராபர்ட் காப் என்ற அமெரிக்க எலும்பியல் மருத்துவர் 1948-இல் விளக்கிய முறை என்பதால் இதற்குக் காப் கோணம் என்று பெயர். 10 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்கிறோம். ஆனால் எக்ஸ்ரே ஒரு தட்டையான படம். உண்மையில் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைவதோடு, தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு, தன்னுடன் பிணைந்திருக்கும் விலா எலும்புகளையும் ஒரு பக்கம் பின்னுக்குத் தள்ளுகிறது. பிள்ளை குனியும்போது முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிவது இதனால்தான். தையல்காரம்மா கண்டதும் இந்த முறுக்கத்தின் வெளித்தோற்றமே. அவருடைய கூர்ந்த பார்வைக்கு நீங்கள் நன்றி சொல்லலாம்.

அந்த எண்ணைக் காட்டிலும் நான் கவலையோடு கேட்பது, உங்கள் மகளுக்கு இன்னும் எவ்வளவு வளர்ச்சி மிச்சமிருக்கிறது என்பதைத்தான். இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் புதிதாக எலும்பு படிந்து வருவதை எக்ஸ்ரேயில் பார்த்து, 0 முதல் 5 வரை ரிஸர் நிலை என்று குறிப்பார்கள். 0 என்றால் வளர்ச்சி நிறைய பாக்கி, 5 என்றால் முடிந்துவிட்டது. லான்ஸ்டைன், கார்ல்சன் ஆகிய இரு மருத்துவர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை எதுவும் பெறாமல் 20 முதல் 29 டிகிரி வரை வளைவோடு இருந்த பிள்ளைகளில், ரிஸர் 0 அல்லது 1 நிலையில் இருந்தவர்களில் 68 விழுக்காட்டினருக்கு வளைவு கூடியது. ரிஸர் 2 முதல் 4 வரை இருந்தவர்களில் அது 23 விழுக்காடு மட்டுமே. பெண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் பூப்பெய்துவதற்குச் சற்று முந்தைய மாதங்கள். அதன் பிறகும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வளர்ச்சி தொடரும். பெரியவளாகி மூன்று மாதங்களே ஆன உங்கள் மகள் இன்னும் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறாள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ரிஸர் நிலை என்ன என்று கேட்டு, எக்ஸ்ரே உறையின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது 0 அல்லது 1 என்றால், ஆறு மாதத்துக்குப் பதிலாக நான்கு மாதத்திலேயே மறுபரிசோதனைக்கு வரலாமா என்றும் கேளுங்கள்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். நான் சொல்வது, பள்ளி மைதானத்தில் எல்லோரும் சேர்ந்து செய்யும் உடற்பயிற்சியை அன்று. உங்கள் மகளுடைய வளைவு எந்தப் பக்கம், எந்த உயரத்தில், எத்தனை வளைவுகள் என்று பார்த்து, அவளுக்கென்றே வகுக்கப்படும் பயிற்சி. இதன் முன்னோடி காத்தரினா ஷ்ராத் என்ற ஜெர்மானியப் பெண்மணி. 1894-இல் பிறந்த அவருக்கே இந்த வளைவு இருந்தது. 16 வயதில் இரும்புக் கவசம் மாட்டிவிட்டார்கள். குழிந்த பலூனுக்குள் காற்றை ஊதினால் குழி மேடேறுவதைப் போல, தன் முதுகின் குழிந்த பக்கத்துக்கு மூச்சைச் செலுத்தி விலா எலும்புகளை விரிக்க முடியுமா என்று கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே பழகிப் பார்த்தார். 1921-இல் மைசென் நகரில் பிறருக்கும் கற்றுத்தரத் தொடங்கினார். பின்னாளில் அவரும் மகள் கிறிஸ்டாவும் சோபர்ன்ஹைம் என்ற ஊரில் பெரிய சிகிச்சை மையத்தை நடத்தினார்கள். இன்று இத்தாலி, போலந்து, ஸ்பெயின், பிரான்சு ஆகிய நாடுகளில் தனித்தனிப் பயிற்சி மரபுகள் இருக்கின்றன. அவற்றின் நுட்பங்கள் வேறுபட்டாலும், பிள்ளை தன் வளைவைத் தானே உணர்ந்து, தானே திருத்திக்கொள்ளப் பழக வேண்டும் என்பதில் எல்லாம் ஒன்றுபடுகின்றன.

அறைக்குள் நடப்பது இதுதான். வலப்பக்கம் வளைந்த ஒரு பிள்ளையைக் கண்ணாடிக்கு எதிரே முக்காலியில் உட்கார வைக்கிறேன். பாதங்கள் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும்; உடலின் எடை இரண்டு பிட்டத்திலும் சமமாக இறங்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எடை ஒரு பக்கமே இறங்குவது அப்போதுதான் தெரியவரும். பிறகு உச்சந்தலையை மேல்நோக்கி உயர்த்தி, முதுகை நீட்டி, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும் மார்புக்கூட்டை மெல்ல நடுவுக்கு நகர்த்தச் சொல்வேன். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே குழிந்திருக்கும் இடத்தில் என் விரல் நுனிகளை வைத்து, ‘என் விரலைத் தள்ளுகிற மாதிரி மூச்சை இழும்மா’ என்பேன். முதல் நாளில் மூச்சு அங்கே போகாது. வயிறு உப்பும், தோள் உயரும், விரலடியில் அசைவே இராது. சில அமர்வுகளுக்குப் பிறகு ஒரு நாள் அந்தக் குழி என் விரலை மெல்லத் தூக்கும். அந்த மூச்சை ‘ஸ்ஸ்’ என்று நீளமாக வெளியே விடும்போது, திருத்திய நிலை குலையாதபடி முதுகின் தசைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். இவ்வளவும் கைவந்த பிறகு, அதே திருத்தத்தோடு நிற்கவும், படியேறவும், எழுதவும், பாத்திரம் தேய்க்கவும் பழக்குவோம். முக்காலியில் மட்டும் நேராக இருந்துவிட்டு, மீதி நேரமெல்லாம் பழையபடி இருந்தால் பயனில்லை.

உங்கள் மகளுக்கு வாரம் ஒருமுறை நேரில் பயிற்சி, வீட்டில் நாள்தோறும் அரை மணி நேரம் என்று தொடங்குங்கள். மேலே நான் எழுதியதைப் பார்த்து வீட்டில் தானாகச் செய்ய வைக்காதீர்கள். இடப்பக்க வளைவுள்ள பிள்ளை இதையே செய்தால் வளைவை வளர்ப்பதாகிவிடும். இதற்கிடையே வளைவு 25 டிகிரியைத் தாண்டினால், பிரேஸ் எனப்படும், முதுகை வெளியிலிருந்து தள்ளித் தாங்கும் உடற்கவசம் பற்றி மருத்துவர் பேசுவார். அப்போது அவளும் நீங்களும் மனம் தளர வேண்டாம்.

கனமான புத்தகப்பை, கோணலாக உட்கார்ந்து செல்போன் பார்ப்பது இவற்றால்தான் என் மகளுக்கு முதுகு வளைந்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நாங்கள் முன்பே கண்டித்திருக்க வேண்டுமோ? — ஒரு தந்தை, கோவில்பட்டி

இல்லை ஐயா. பையாலும் செல்போனாலும் இந்த வளைவு வருவதில்லை. வளர் இளம் பருவத்தில் வரும் ஸ்கோலியோசிஸுக்கு இன்ன காரணம் என்று இதுவரை உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. பரம்பரைக்குப் பங்குண்டு என்பது மட்டும் தெளிவு. நூறு பிள்ளைகளில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு இது இருக்கிறது. சிறு வளைவு ஆண், பெண் இருபாலருக்கும் ஏறக்குறைய சமமாக வருகிறது என்றாலும், 30 டிகிரிக்கு மேல் கூடுவது பெண் பிள்ளைகளுக்கே மிக அதிகம். பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை சொல்வது நல்ல விதியே. முதுகுவலியைக் குறைக்க அது உதவும். வளைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆகவே, ‘நேராக உட்கார்’ என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பதை விட்டுவிடுங்கள். அந்தப் பிள்ளை தன் முதுகு நேராக இருப்பதாகவே உணர்கிறது. எது நேர் என்பதை அதன் உடலுக்கு மறுபடி கற்றுத்தர வேண்டியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட பிள்ளை கண்ணாடி முன் நிற்கக் கூசும். கண்ணாடியைப் பார்க்காமல் இந்தப் பயிற்சி இல்லை. பரம்பரைத் தொடர்பு இருப்பதால், உடன்பிறந்தவர்களின் முதுகையும் பார்த்துவிடுங்கள். கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரு உள்ளங்கைகளையும் ஒன்றுசேர்த்துத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லி, பின்புறத்தில் முதுகின் மட்டத்துக்கு உங்கள் கண்களை இறக்கிப் பாருங்கள். ஒரு பக்க விலாவோ இடுப்போ மேடாகத் தெரிந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மேடம், நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு 32 டிகிரி. தினமும் 18 மணி நேரம் பிரேஸ் போடச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் வேர்த்துக் கொட்டுகிறது, எல்லோரும் பார்க்கிறார்கள். பிரேஸை விட்டுவிட்டுத் தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறேன் என்று சொன்னால் அம்மா கேட்க மாட்டேன் என்கிறார். நான் பரதநாட்டியமும் கற்றுக்கொள்கிறேன். அதையும் நிறுத்த வேண்டுமா? — ஒரு மாணவி, தஞ்சாவூர்

அன்பு மகளே, இரண்டு மணி நேரம் பயிற்சி செய்யத் தயாராக இருக்கும் உன் உறுதி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதனால்தான் உன்னிடம் எதையும் மறைக்காமல் சொல்கிறேன். இந்த விஷயத்தில் உன் அம்மா சொல்வதே சரி.

அமெரிக்காவிலும் கனடாவிலும் உன்னைப் போன்ற பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2013-இல் வெளியானது. வளர்ச்சி முடியும்வரை, அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசவேண்டிய அளவான 50 டிகிரியைத் தொடாமல் தப்பியவர்கள், பிரேஸ் போட்டவர்களில் 72 விழுக்காடு, போடாமல் கவனிக்கப்பட்டவர்களில் 48 விழுக்காடு. வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். பிரேஸுக்குள் வெப்பமானி போன்ற ஒரு சிறு கருவியை வைத்து, உண்மையில் எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்றும் பார்த்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 12.9 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தப்பினார்கள். பயிற்சியை மட்டும் நம்பலாமா என்பதற்கு சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்று விடை சொல்கிறது. 25 முதல் 40 டிகிரி வரை வளைவுள்ள 135 பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இரவு நேரப் பிரேஸும், ஒரு குழுவுக்கு ஸ்கோலியோசிஸ் பயிற்சியும், இன்னொரு குழுவுக்கு வழக்கமான உடலுழைப்பும் கொடுத்தார்கள். 2024-இல் வெளியான முடிவின்படி வளைவு கூடாமல் நின்றவர்கள் பிரேஸ் குழுவில் 76 விழுக்காடு. பயிற்சிக் குழுவில் 58 விழுக்காடு, உடலுழைப்புக் குழுவில் 53 விழுக்காடு. பயிற்சி கற்றுத்தருவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்த எண் உவப்பானதாக இல்லை. என்றாலும் இதை உன்னிடம் சொல்லாமல், பயிற்சி போதும் என்று நான் எழுதினால் அது உனக்குச் செய்யும் துரோகம்.

அப்படியானால் பயிற்சி எதற்கு என்று கேட்பாய். பிரேஸ் வெளியிலிருந்து தள்ளுகிறது. அது தள்ளும் திசையிலேயே நீ உள்ளிருந்து மூச்சாலும் தசையாலும் நகரக் கற்றுக்கொண்டால், அதன் வேலை எளிதாகிறது. நல்ல பிரேஸில், குழிந்த பக்கத்துக்கு நேரே வேண்டுமென்றே இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளிக்குள் முதுகு விரியும்படி மூச்சிழுப்பதைப் பிரேஸைப் போட்டுக்கொண்டே செய்யலாம். பாடவேளையில் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. நாள் முழுவதும் கவசத்துக்குள் இருக்கும் தசைகள் வலுவிழக்காமல் காப்பதும், பின்னர் பிரேஸைப் படிப்படியாக விடும் மாதங்களில் முதுகு தளர்ந்துவிடாமல் தாங்குவதும் பயிற்சியின் வேலையே.

நாட்டியத்தை நிறுத்தாதே. ஒரு நாளில் 18 மணி நேரம் போக ஆறு மணி நேரம் மிச்சமிருக்கிறது. குளியல், பயிற்சி, நாட்டிய வகுப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். அரைமண்டியில் இரண்டு கால்களிலும் எடையைச் சமமாக வைத்து, முதுகை நீட்டி நிற்பது உனக்கு நல்ல பழக்கம்தான். முதுகைப் பின்னோக்கி மிகுதியாக வளைக்கும் அசைவுகளை மட்டும் உன் ஆசிரியையிடம் சொல்லிக் குறைத்துக்கொள்.

வேர்வைக்கு: உடலை ஒட்டிய, பக்கத் தையல் இல்லாத பருத்தி பனியனைப் பிரேஸுக்குள் போட்டுக்கொண்டு, பள்ளிக்கு இன்னொன்றை எடுத்துப் போ, மதிய இடைவேளையில் மாற்றிக்கொள். பிரேஸ் படும் இடத்தில் பவுடரோ எண்ணெயோ வேண்டாம், தோல் ஊறிப்போகும். பிரேஸைக் கழற்றி அரை மணி நேரம் கழித்தும் சிவப்பு மறையாத இடம் இருந்தால், அதைச் செய்து தந்தவரிடம் காட்டி அந்த இடத்தைச் சரிசெய்து வாங்கு. அந்த வேதனையைப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது உண்மையான கஷ்டம். உன் வகுப்பாசிரியரிடம் அம்மாவோடு சேர்ந்து ஒருமுறை பேசிவிடு. 18 மணி நேரத்தில் பெரும்பகுதி மாலையிலும் இரவிலும் வருகிற மாதிரி அட்டவணை போட முடியுமா என்று மருத்துவரையும் கேள். பல மருத்துவர்கள் இசைவார்கள்.

யோகா, நீச்சல், கம்பியில் தொங்குவது ஆகியவற்றில் எதைச் செய்தால் வளைவு குறையும்? — ஒரு வாசகர், மதுரை

உடல்நலத்துக்கு மூன்றும் நல்லவை. ஆனால் வளைவைக் குறைப்பவை என்று மூன்றையும் சொல்ல இயலாது. நீச்சலை ஒரு காலத்தில் இதற்கான மருந்தாகவே பரிந்துரைத்தார்கள். அது வளைவைத் திருத்துவதற்கான சான்று இல்லை. கம்பியில் தொங்கும்போது முதுகு நீளும், இறங்கியதும் பழையபடி ஆகும். யோகாவில் கவனம் வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மேல்முதுகு இயல்பைவிடத் தட்டையாக இருப்பதால், சக்ராசனம், தனுராசனம் போன்று பின்னோக்கி வளைக்கும் ஆசனங்கள் அந்தத் தட்டையை மிகுவிக்கக்கூடும். உடலின் இரு பக்கத்துக்கும் ஒரே மாதிரி செய்யும் ஆசனங்கள், இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத முதுகைத் திருத்துவதில்லை. பிள்ளைக்கு யோகா பிடித்திருந்தால், வளைவின் திசையை அறிந்த இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆசனங்களைத் தெரிந்தெடுத்துத் தரட்டும். விளையாட்டுகளில் எதையும் தடுக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊரில் ஒரு மையத்தில், மூன்று மாதத்தில் 30 டிகிரியை 10 டிகிரியாகக் குறைத்துக் காட்டுவதாகச் சொல்லிப் பெரிய தொகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். யூடியூபில் இலவசமாகவே பயிற்சிகள் கிடைக்கின்றன. எதை நம்புவது? — ஒரு தந்தை, திருப்பூர்

அந்த வாக்குறுதியை நம்பிப் பணம் கட்டாதீர்கள். இன்றுள்ள நல்ல ஆய்வுகள் எவ்வளவு காட்டியிருக்கின்றன என்று சொல்கிறேன். இத்தாலியில் 10 முதல் 25 டிகிரி வரை வளைவுள்ள 110 பிள்ளைகளுக்கு எலும்பு முதிரும்வரை தொடர்ந்து, தாமே திருத்திக்கொள்ளும் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், சராசரியாக 5 டிகிரியை ஒட்டிக் குறைந்தது. அந்த முடிவு 2014-இல் வெளிவந்தது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஷ்ராத் பயிற்சியை ஆறு மாதம் செய்த பிள்ளைகளுக்கும் செய்யாதவர்களுக்கும் இடையே 2016-இல் கண்ட வேறுபாடு 3.5 டிகிரி. ஒரே எக்ஸ்ரேயை இருவர் அளந்தாலே 5 டிகிரி வரை வித்தியாசம் வரலாம் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மூன்று மாதத்தில் 20 டிகிரி குறைந்ததாகப் படம் காட்டினால், ஒன்று அளந்த முறை வேறாக இருக்கும். அல்லது முதல் படத்தில் பிள்ளை தளர்ந்து நின்றதும் இரண்டாவதில் முயன்று நிமிர்ந்து நின்றதுமாக இருக்கும்.

இந்தச் சிறு அளவுகளைப் படித்துவிட்டு, இதற்காகவா இவ்வளவு பாடு என்று நினைத்துவிடாதீர்கள். வளரும் ஆண்டுகளில் 22 டிகிரி 22-ஆகவே நிற்பது பெரிய வெற்றி. எக்ஸ்ரேயில் தெரியாத பலனும் உண்டு: மார்புக்கூடு நடுவுக்கு வருவதாலும் தோள்கள் சமமாவதாலும் தோற்றத்தில் காணும் மாற்றம், கோணத்தில் தெரியும் மாற்றத்தைவிட அதிகமாக இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பிள்ளைக்கு முக்கியமானதும் அதுவே.

யூடியூபைப் பொறுத்தவரை, காணொளியில் காட்டப்படும் வளைவு உங்கள் பிள்ளையின் வளைவாக இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. துருக்கியில் 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரே ஷ்ராத் பயிற்சியை மேற்பார்வையோடு செய்தவர்களுக்கு முன்னேற்றமும், வீட்டில் தாமாகச் செய்தவர்களுக்கு வளைவு கூடியதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே, காசை மிச்சம் பிடிப்பதென்றால் நேரடி அமர்வுகளைக் கைவிட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். தொடக்கத்தில் சில வாரங்கள் நெருக்கமாகச் சென்று நன்றாகக் கற்றுக்கொண்டு, பிறகு இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் இயன்முறை மருத்துவப் பிரிவுகளிலும், சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்திலும் முதலில் கேட்டுப்பாருங்கள்.

எந்த மையமாயினும், பணம் கட்டும் முன் அங்குள்ள இயன்முறை மருத்துவர் எக்ஸ்ரேயைக் கையில் வாங்கிப் பார்க்கிறாரா, ரிஸர் நிலையைக் கேட்கிறாரா, பிள்ளையைக் குனிய வைத்து முதுகின் முறுக்கத்தை அளந்து குறித்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். அதற்கு ஸ்கோலியோமீட்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. அதை வைத்து மாதம்தோறும் பார்த்தால் எக்ஸ்ரே எடுக்கும் எண்ணிக்கையையும் குறைக்கலாம். இந்தப் பயிற்சி முறைகளில் எதைத் தனியாகப் பயின்றிருக்கிறார் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். பிரேஸ் தேவையே இல்லை, தூக்கி எறியுங்கள் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். எக்ஸ்ரே எடுக்க நேரும்போது, கதிர் முதுகுப்புறத்திலிருந்து பாயும்படி எடுக்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளின் மார்பில் படும் கதிர்வீச்சு அதனால் குறைகிறது.

என் பேத்திக்கு 28 டிகிரி. நாளைக்குக் கல்யாணம், பிரசவம் எல்லாம் எப்படி நடக்கும் என்று நினைத்தாலே தூக்கம் வரவில்லை. — ஒரு பாட்டி, திருநெல்வேலி

அம்மா, நிம்மதியாகத் தூங்குங்கள். அமெரிக்காவின் அயோவாவில், சிகிச்சையே பெறாத நோயாளிகளை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003-இல் வெளியிட்டார்கள். அவர்களும் மற்றவர்களைப் போலவே மணம் செய்து, பிள்ளை பெற்று, வேலை பார்த்து வாழ்ந்திருக்கிறார்கள். நாள்பட்ட முதுகுவலி மட்டும் அவர்களில் 61 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 35 விழுக்காட்டினருக்கும் இருந்தது. மூச்சுத் தொல்லை வந்தது மிகப் பெரிய வளைவு உள்ளவர்களுக்கே. உங்கள் பேத்தியின் வளைவை மற்றவர்களிடம் மறைக்க வேண்டிய குறையாக வீட்டில் பேசாதீர்கள். அவள் காதில் விழும். சிகிச்சையை ஒழுங்காகத் தொடரத் துணையாக இருங்கள்.

என் மகனுக்கு வயது 14. வளைவு 26 டிகிரி, மார்புப் பகுதியில் இடப்பக்கமாக இருக்கிறது என்கிறார்கள். சில வாரங்களாக இரவில் முதுகுவலியால் விழித்துக்கொள்கிறான். இடது கால் மரத்துப்போவதாகவும் சொல்கிறான். பயிற்சி தொடங்கினால் வலி குறையுமா? — ஒரு தாய், வேலூர்

சகோதரி, இந்த வாரமே எலும்பு மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். பயிற்சியை இப்போது தொடங்க வேண்டாம். இந்த வயதில் வரும் சாதாரண ஸ்கோலியோசிஸில் மார்புப் பகுதி வளைவு பெரும்பாலும் வலப்பக்கமாக இருக்கும். தூக்கத்தைக் கலைக்கும் வலியோ கால் மரத்துப்போவதோ இராது. இடப்பக்க வளைவு, இரவு வலி, மரத்துப்போதல் ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதால், தண்டுவடத்தில் நீர்க்கோப்பு, கட்டி போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாக வேண்டும். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு; ஆனால் பாராமல் இருக்க முடியாது. நடையில் தடுமாற்றமோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றமோ தெரிந்தால் ஒரு நாள்கூடக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு மருத்துவர் அனுமதித்த பிறகு, முன்பு எடுத்த எக்ஸ்ரேயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இயன்முறை மருத்துவரிடம் வாருங்கள்.